தீயை ஓம்பியவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் ஆதிமனிதரின் தீயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது தொல்லியலாரின் மேடைக்குரிய பொருள் அன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் தீயைக் கவிஞர்களைப் போல் கையாண்டவர்கள் வேறெவரும் இலர். நம் கவிதைகளில் சினம் தீயாகிறது, பசி தீயாகிறது, பிரிவும் புரட்சியும் தீயாகின்றன. பெரும்பாலும் இவை எரிக்கின்ற தீ. மனித குலத்தை மனித குலமாக்கிய தீ எரித்ததைவிடக் காத்தது அதிகம். அந்தத் தீயின் வரலாறு நம் படிமங்களுக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். அதனை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பள்ளிப் பாடநூல் முதல் மேடைக் கவிதை வரை ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘மனிதன் தீயைக் கண்டுபிடித்தான்.’ கிரேக்கர்களுக்குப் பிரொமீதியஸ் என்றொரு வீரன் இருந்தான். வானவரிடமிருந்து தீயைத் திருடி வந்தான். நம் வாக்கியத்திலும் அந்த வீரனின் நிழல் விழுந்திருக்கிறது. ஒருவன், ஒரு நாள், ஒரு கணத்தில் கல்லோடு கல்லை உரசினான், பொறி பறந்தது, நாகரிகம் பிறந்தது. அழகிய காட்சிதான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கும் சான்றுகள் இந்தக் காட்சிக்கு இடம் தரவில்லை. அவை காட்டுவது பெயரற்ற பலர், பல இலட்சம் ஆண்டுகள், விடாமல் செய்த ஒரு காவலை.

தமிழில் தீயோடு சேர்ந்து வரும் வினைச்சொற்கள் பல. தீயை எடுக்கிறோம்; வளர்க்கிறோம்; ஓம்புகிறோம்; கடைகிறோம்; மூட்டுகிறோம். இவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: எடுத்தல், ஓம்புதல், கடைதல். எங்கோ தானாக எரியும் தீயிலிருந்து ஒரு கொள்ளியைக் கொண்டுவருவது எடுத்தல். கொண்டுவந்ததை அவியாமல் காப்பது ஓம்புதல். இல்லாத இடத்தில் தீயைப் பிறப்பிப்பது கடைதல். ஆதிமனிதருக்கும் தீக்கும் இருந்த உறவு இந்த மூன்று சொற்களின் வரிசையிலேயே வளர்ந்தது எனலாம். நாம் ‘கண்டுபிடிப்பு’ என்று கொண்டாடுவது மூன்றாவதை. வரலாற்றின் மிகப் பெரும்பகுதி நடந்ததோ நடுவில் நிற்கும் இரண்டாவது சொல்லில்.

முதலில் எடுத்தல். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மழைக்காலம் நெருங்கும்போது இடி விழும்; காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். தீ கடந்துபோன நிலத்தில் வெந்த கிழங்கும் கருகிய சிற்றுயிர்களும் கிடக்கும். பருந்து முதலான பறவைகள் இன்றும் காட்டுத்தீயின் ஓரத்தில் காத்திருந்து இரை தேடுகின்றன. ஆதிமனிதரும் தீயை முதலில் அப்படித்தான் நெருங்கியிருப்பர் என்பது அறிஞர் கருத்து. எரிந்த நிலம் உணவு தரும் நிலம் என்னும் அறிவு, எரிகின்ற கொம்பைக் கையில் எடுக்கும் துணிவுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

இந்தத் துணிவு எப்போது வந்தது? தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாநிலத்தில் வொண்டர்வெர்க் என்றொரு குகை இருக்கிறது. அப்பெயருக்கு ‘அற்புதம்’ என்று பொருள். குன்றுக்குள் ஏறத்தாழ 140 மீட்டர் நீளம் செல்லும் குகை அது. அதன் வாயிலிலிருந்து 30 மீட்டர் உள்ளே, சுமார் 10 இலட்சம் ஆண்டுப் பழமையான படிவில், செடிகொடிகள் எரிந்த சாம்பலும் தீப்பட்ட எலும்புத் துணுக்குகளும் இருப்பதை 2012இல் ஓர் ஆய்வுக் குழு வெளியிட்டது. கண்ணால் பார்த்துச் சொன்னதன்று அது. மண்ணைப் பிசினிட்டு இறுகச் செய்து, மெல்லிய தகடாகச் சீவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கண்டார்கள். சாம்பல் துகள்களின் விளிம்பு மழுங்காமல் இருந்தது. எனவே காற்றோ நீரோ அவற்றை வெளியிலிருந்து அடித்து வந்திருக்க முடியாது. இடி குகைக்குள் 30 மீட்டர் உள்ளே சென்று விழுவதில்லை. ஆகவே யாரோ கொண்டு சென்றிருக்கிறார்கள்.

இவ்வளவு நுட்பமான சோதனை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணில் கறுத்ததெல்லாம் கரி அன்று. சீனாவின் சௌகோடியன் குகையில் 1920களில் தொடங்கிய அகழாய்வில் கறுத்த படிவுகள் கிடைத்தன. அவை ஆதிமனிதரின் அடுப்புகள் என்று பல பத்தாண்டுகள் உலகமே நம்பியது. 1998இல் அப்படிவுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள் அங்கே மரச் சாம்பலுக்குரிய அடையாளம் இல்லை என்றார்கள். அதன்பின் மீண்டும் ஆய்வுகள் நடந்தன. தீ இருந்தது என்போரும் உளர். வழக்கு இன்னும் நீள்கிறது. சான்று கேட்பது கற்பனைக்குப் பகை அன்று. கற்பனை தன் கால் பதிக்கும் நிலம் உறுதியானதா என்று தட்டிப் பார்ப்பது அது.

இனி ஓம்புதலுக்கு வருவோம். இஸ்ரேல் நாட்டின் வடபகுதியில், யோர்தான் ஆற்றங்கரையில், கெஷர் பெனோட் யாகோவ் என்னும் இடம் உள்ளது. ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு பழைய ஏரியின் கரையாக இருந்தது. அங்கே கைக்கோடரிகள் செய்து வாழ்ந்த மக்கள் அசூலிய மரபைச் சேர்ந்தவர்கள். அதே மரபின் கைக்கோடரிகள்தாம் நம் கொற்றலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்ட அவ்விடத்தின் மிகப் பழைய கருவிகள் 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்பது 2011இல் வெளியான ஆய்வின் முடிவு. எனவே யோர்தான் கரையில் வாழ்ந்தவர்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். கருவி மரபில் தூரத்து உறவினர்.

அந்த ஏரிக்கரையில் எரிந்த தீக்கல் சில்லுகளும், கருகிய மரத்துண்டுகளும், விதைகளும் கிடைத்தன. வாற்கோதுமை, ஒலிவம், காட்டுத் திராட்சை ஆகியவற்றின் எரிந்த எச்சங்கள் அவற்றுள் இருந்தன. நாமா கோரன்-இன்பார் தலைமையில் ஆய்ந்தவர்கள் 2004இல் இதனை வெளியிட்டபோது ஒரு செய்தியைச் சுட்டினார்கள். எரிந்த சில்லுகள் எங்கும் சிதறிக் கிடக்கவில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் குவிந்து கிடந்தன. காட்டுத்தீ அப்படிக் குவிந்து எரிவதில்லை. அடுப்பு எரியும். மேலும், ஒரே ஒரு படிவில் மட்டும் இது காணப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பல படிவுகளில் தொடர்ந்து தீயின் தடம் இருந்தது. தலைமுறைகள் மாறின; தீ மாறவில்லை.

அதே இடத்தில் கிடைத்த மீன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2022இல் மற்றொரு முடிவை வெளியிட்டனர். கெண்டை இனத்துப் பெரிய மீன்களின் தொண்டைப் பற்கள் அங்கே ஏராளமாகக் கிடந்தன. எலும்புகளோ மிகக் குறைவு. பற்கள் பட்ட சூடு 500 பாகைக்கு உட்பட்டது. நெருப்பில் வீசி எறிந்த மீனாக இருந்தால் சூடு அதற்கு மேல் போயிருக்கும். இது அளவான சூட்டில் வெந்த மீன். 7,80,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் அடுப்பின் அருகில் அமர்ந்து, இது போதும், எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். பக்குவம் என்னும் நம் சொல்லுக்கு இதைவிடப் பழைய சாட்சி வேறென்ன வேண்டும்?

சமைத்த உணவு மனித உடலையே மாற்றியது என்னும் கருத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ராங்கம் 2009இல் ஒரு நூலாகவே எழுதினார். நம் மூளை உடல் எடையில் 2 விழுக்காடு; ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே உண்கிறது. சிம்பன்சி நாள்தோறும் ஆறு மணி நேரம் வரை மென்றுகொண்டிருக்கிறது. கிழங்கு வெந்தால் அதன் மாவுச்சத்து இளகுகிறது. ஊன் வெந்தால் அதன் புரதம் குலைந்து செரிமானம் எளிதாகிறது. பல் சிறுத்தது, குடல் சுருங்கியது, மூளைக்கு ஆற்றல் மிஞ்சியது என்பது அவர் வாதம். இம்மாற்றம் 18 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஹோமோ எரக்டஸ் என்னும் இனத்தில் தொடங்கியது என்கிறார். அவ்வளவு பழைய அடுப்புகளுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று தொல்லியலார் மறுக்கிறார்கள். காலத்தைப் பற்றிய வழக்கு எப்படித் தீர்ந்தாலும், வயிற்றின் வேலையில் ஒரு பகுதியை அடுப்பு ஏற்றுக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

பிற உயிர்கள் சூழலுக்கேற்பத் தம் உடலை மாற்றிக்கொள்கின்றன. குளிருக்கு உரோமம் வளரும். கடின உணவுக்குப் பல் தடிக்கும். இரவுக்குக் கண் விரியும். அதற்குப் பல ஆயிரம் தலைமுறைகள் ஆகும். மனிதர் இவை அனைத்துக்கும் உடலுக்கு வெளியே ஒரே விடை வைத்துக்கொண்டார்கள். கணப்பு உரோமமாயிற்று; அடுப்பு பல்லாயிற்று; கொள்ளி கொடுவிலங்கை விரட்டும் நகமாயிற்று; சுடர் இரவுக்குரிய கண்ணாயிற்று.

தீயின் பணி அத்துடன் நிற்கவில்லை. தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பினக்கிள் பாயின்ட் குகைகளில் வாழ்ந்தோர் சில்கிரீட் என்னும் கல்லைத் தீயில் பதப்படுத்தி, அதன் பிறகே சீவிக் கருவி செய்தனர். 72,000 ஆண்டுகளுக்கு முன்பு இது அங்கே பரவலான வழக்கம். அதன் தொடக்கம் 1,64,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்லக்கூடும் என்று 2009இல் ஆய்வாளர்கள் எழுதினர். ஐரோப்பாவில் நியாண்டர்தால் மக்கள் பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கிக் கீல் வடித்து, கல்லைக் கோலோடு ஒட்டினார்கள். இத்தாலியில் கிடைத்த அத்தகைய கீல் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுப் பழமையுடையது. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 2,00,000 ஆண்டுகளுக்கு முன்பே சாம்பலைப் பரப்பி அதன்மேல் புல்லிட்டுப் படுத்தார்கள். சாம்பல் ஊரும் பூச்சிகளை விலக்கும். விதையைச் சாம்பலில் புரட்டி வைக்கும் நம் வேளாண் குடிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவிந்த தீயும் பணி செய்தது என்பது இதன் பொருள்.

நிலத்தையும் தீ மாற்றியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பகுதியில் சுமார் 85,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இட்ட தீ காட்டின் இயல்பை மாற்றி, திறந்த மரவெளியாக வைத்திருந்தது என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பருவம் அறிந்து சிறு சிறு பகுதிகளாகப் புல்லை எரித்து, புதுத் தளிரையும் அதை மேய வரும் விலங்கையும் வரவழைத்தனர். அம்முறையை ரீஸ் ஜோன்ஸ் என்னும் தொல்லியலார் 1969இல் ‘தீக்கொள்ளி வேளாண்மை’ என்று குறித்தார். ஏர் பிடிக்காத மக்களின் நிலத்திலும் ஓர் உழவு நடந்திருக்கிறது; அதன் கொழு தீ.

இப்போது என் கருத்தின் நடுவிடத்துக்கு வருகிறேன். வொண்டர்வெர்க் குகையில் தீ எரிந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். மனிதர் தாமே தீயைப் பிறப்பித்ததற்கு இன்றுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சான்று எப்போதையது? அண்மைக் காலம் வரை அது 50,000 ஆண்டு அளவிலேயே இருந்தது. பிரான்சில் கிடைத்த நியாண்டர்தால் கைக்கோடரிகளில் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தை மோதிய தழும்புகள் இருப்பதை 2018இல் காட்டினார்கள். பின்னர் 2025 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. சஃபோக் பகுதியில் பார்னம் என்னும் சிற்றூரில், பழைய களிமண் குழி ஒன்றில், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுட்ட மண்ணும், சூட்டில் வெடித்த கைக்கோடரிகளும், அவற்றோடு இரண்டு சிறு பைரைட் துண்டுகளும் கிடைத்தன. காலம் ஏறத்தாழ 4,00,000 ஆண்டுகளுக்கு முன். அக்கனிமம் அந்த வட்டாரத்தில் அரிது. எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தீக்கல்லில் அதை மோதினால் பொறி பறக்கும் என்று தெரிந்தவர்களே அதைச் சுமந்து வருவார்கள்.

ஆக, தீயைப் பயன்படுத்தியதற்கும் அதைப் பிறப்பித்ததற்கும் நம் கையில் உள்ள சான்றுகளுக்கு இடையே ஆறு இலட்சம் ஆண்டு இடைவெளி. நாளை ஓர் அகழாய்வு இந்த இடைவெளியைக் குறைக்கலாம். என்றாலும் எடுத்தலுக்கும் கடைதலுக்கும் நடுவே நெடிய ஓம்புதல் காலம் ஒன்று இருந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் துணிபு.

அந்தக் காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவிந்தால் மீண்டும் மூட்டத் தெரியாத தீ. அடுத்த இடி எப்போது விழும் என்று எவருக்கும் தெரியாது. அப்படியானால் யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். மழைக்கு முன்பே சுள்ளி பொறுக்கி உலர்ந்த இடத்தில் சேர்க்க வேண்டும். இன்றைய பசிக்கு அல்லாமல் நாளைய தீக்கு உழைக்க வேண்டும். இடம்பெயரும்போது கங்கை எதிலாவது பொதிந்து, வழியெல்லாம் ஊதி ஊதிக் காத்துச் செல்ல வேண்டும். வேட்டைக்குப் போனவர், வீட்டில் தீ காப்பவரை நம்ப வேண்டும். தீ காப்பவர், வேட்டைக்குப் போனவர் தமக்கும் பங்கு கொண்டுவருவார் என்று நம்ப வேண்டும். ஒரு கூட்டத்தின் தீ அவிந்தால் அடுத்த கூட்டத்திடம் போய்க் கேட்க வேண்டும். பகையாயினும் கேட்க வேண்டும். தனியொருவனால் தீயைத் திருட முடியலாம், ஓம்ப முடியாது. ஓம்புதலுக்குச் சமூகம் வேண்டும். தீயைக் காக்கப் பழகிய முயற்சியிலேயே மனிதர் ஒருவரையொருவர் காக்கவும் பழகினர் என்று நான் கருதுகிறேன்.

இக்கருத்துக்குத் தமிழ் மொழியே துணை நிற்கிறது. தீயை ‘வளர்க்கிறோம்’, குழந்தையையும் வளர்க்கிறோம். தீயை ‘ஓம்புகிறோம்’, விருந்தையும் ஓம்புகிறோம், நல்ல அரசன் குடியை ஓம்புகிறான். ஒரே வினைச்சொல் தீயையும் விருந்தையும் குடியையும் தழுவி நிற்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ‘நீறு பூத்த நெருப்பு’ என்கிறோம். உள்ளே அடங்கிய சினத்துக்கு உவமையாக்கிவிட்டோம். அதன் மூலப் பொருள் ஓர் அடுக்களை நுட்பம். இரவில் கங்கின்மேல் சாம்பலை மூடினால் காற்று குறையும். கங்கு மெல்லக் கனன்று விடியும்வரை உயிரோடிருக்கும். காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் போதும். தீப்பெட்டி அரிதாயிருந்த காலத்தில் நம் சிற்றூர்ப் பெண்கள் நாள்தோறும் செய்த வேலை இது. மூடிய கங்கும் அவிந்துபோனால், அடுத்த வீட்டில் போய் ஒரு வறட்டியில் நெருப்பு வாங்கி வந்தார்கள். கொடுத்தவருக்குக் குறைவில்லை, வாங்கியவருக்கு நிறைவு. விளக்கை ‘அணை’ என்று சொல்ல நாக்கூசி, ‘குளிர வை’ என்றும் ‘மலையேறியது’ என்றும் சொன்னவர்கள் நம் முன்னோர். தீ அவிவதைப் பற்றிய பழைய அச்சம் ஒன்று இன்னும் நம் நாவில் தங்கியிருக்கிறது.

கடைதலும் நம் இலக்கியத்தில் உண்டு. மோரைக் கடைவது போலவே தீயையும் கடைந்தார்கள். அக்கோலைச் சங்கப் புலவர்கள் ‘ஞெலிகோல்’ என்றார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் அத்தகைய கோலால் தீக்கடைந்து, அத்தீயைக்கொண்டே மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து இசைக்கிறான். குளிருக்கும் சோற்றுக்கும் பிறந்த தீ அங்கே பண்ணுக்குக் கருவியாகிறது. கவிஞர்களே, இந்த இடையனை நம் தொழிலின் முன்னோடியாகக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு இரவைப் பற்றிப் பேச வேண்டும். ஆதிமனிதர் எதிர்கொண்ட சூழல்களில் குளிரும் கொடுவிலங்கும் இடத்துக்கு இடம் மாறுபடும். இரவோ எங்கும் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நிலத்தில் ஆண்டு முழுவதும் நாளில் பாதி இருள். சிம்பன்சிகள் அந்தியில் மரத்தில் கூடு கட்டிப் படுத்துவிடுகின்றன. அடுப்பைச் சுற்றி அமர்ந்த மனிதர்க்கு அந்திக்குப் பின்னும் சில மணி நேரம் கிடைத்தது. அந்நேரத்தில் வேட்டையாட முடியாது. கிழங்கு அகழ முடியாது. கருவி செய்யவும் வெளிச்சம் போதாது. பயனுள்ள வேலை எதற்கும் உதவாத நேரம். முகம் பார்க்கவும் குரல் கேட்கவும் மட்டுமே போதுமான ஒளி. அந்நேரத்தில் என்ன செய்திருப்பார்கள்?

பாலி வீஸ்னர் என்னும் மானிடவியலார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியைத் தொடுகிறது. கலஹாரிப் பகுதியில், போட்சுவானா, நமீபியா நாடுகளில் வாழும் ஜூ ஹோவான்சி மக்களின் 174 உரையாடல்களை அவர் பகலென்றும் இரவென்றும் பிரித்து ஆராய்ந்தார். பகலில் பேசியவை பெரும்பாலும் பொருள் தேடும் செய்திகள், குறைகள், குற்றச்சாட்டுகள், கேலி. கதை 6 விழுக்காடுதான். இரவில் கணப்பைச் சுற்றிய பேச்சிலோ 81 விழுக்காடு கதை. தொலைவில் இருக்கும் உறவினரைப் பற்றி, நடந்த திருமணங்களையும் பூசல்களையும் பற்றி, காணாத உலகங்களைப் பற்றிய கதை. பகலின் சச்சரவு இரவில் மென்மையாகியது. இம்மக்கள் நம் காலத்தவர். கற்காலத்தின் எச்சமாக அவர்களைக் கருதுவது தவறு. ஆயினும் தீயொளி மனிதப் பேச்சின் பொருளையே மாற்றவல்லது என்பதற்கு அவர்களுடைய இரவுகள் சான்று.

கண்முன் இல்லாதவரைக் கண்முன் நிறுத்துவது இலக்கியத்தின் முதல் வேலை. பகல் வெளிச்சத்தில் அதற்குத் தேவை குறைவு; கண்முன் இருப்பதே கண்ணை நிறைத்துவிடும். சுற்றிலும் இருள் சூழ்ந்து, நடுவில் மட்டும் சிறிது ஒளி இருக்கும்போது, இல்லாதவை வந்து அமர இடம் கிடைக்கிறது. நம் வட்டமும் பத்தாண்டுகளாக வேலை முடிந்த மாலைகளில்தான் கூடி வந்திருக்கிறது. பொருள் தேடும் பேச்சை வாசலில் விட்டுவிட்டு, வட்டமாக அமர்ந்து, பயனற்றது என்று உலகம் சொல்லும் ஒரு செயலில் ஈடுபடுகிறோம். நாம் அறியாமலே மிகப் பழைய வழக்கம் ஒன்றைத் தொடர்கிறோம்.

தீயைப் புகழ்ந்துவிட்டு அதன் புகையை மறைப்பது முறையன்று. ஓம்பியவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். சுட்ட புண்ணும், கலங்கிய கண்ணும், கரி படிந்த நுரையீரலும் அவ்விலையின் பகுதிகள். அவ்விலை இன்னும் கட்டப்பட்டு வருகிறது. விறகும் வறட்டியும் கரியும் எரியும் அடுப்புகளின் வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகில் நெடுநேரம் இருக்கும் பெண்களும் குழந்தைகளுமே இப்புகைக்கு மிகுதியாக ஆளாகிறார்கள். ‘கண்டுபிடித்தான்’ என்னும் சொல்லில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அச்சொல் ஆண்பால், ஒருமை, இறந்தகாலம். ஓம்புதலோ பெரும்பாலும் பெண்களின் கையில், பன்மையில், இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பிரொமீதியஸுக்குக் காவியம் இருக்கிறது. விடியும்வரை கங்கை மூடிக் காத்தவளுக்குக் காவியம் இல்லை.

கவிஞர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. தீயைப் பாடுங்கள், சினத்தையும் புரட்சியையும் பாடும்போது அது எரியட்டும். கூடவே ஒருமுறையேனும், எரியாமல் கனன்ற தீயைப் பாடுங்கள். சுள்ளி பொறுக்கிய கையை, ஊதிய வாயை, அடுத்த கூட்டத்திடம் கங்கு கேட்கப் போன கால்களை, கேட்டவருக்கு இல்லையென்னாத மனத்தைப் பாடுங்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. வொண்டர்வெர்க் குகையின் சாம்பலும் யோர்தான் கரையின் மீன் பல்லும் மட்டுமே அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் படித்துச் சொல்வது அறிவியலின் பணி. அதற்குக் குரல் கொடுப்பது உங்கள் பணி.

ஓர் இலக்கிய வட்டத்தைத் தொடங்குவது பொறி பறக்கும் வேலை. அதற்கு ஒரு மாலை போதும். பத்தாண்டு நடத்துவது வேறு வேலை. நாற்காலி போட்டவர், அஞ்சலட்டை எழுதியவர், தேநீர் வாங்கி வந்தவர், இருவரே வந்த நாளிலும் கூட்டத்தைத் தள்ளிவைக்காமல் கவிதை வாசித்தவர் என்று எத்தனையோ பேர் இதில் சுள்ளி இட்டிருக்கிறார்கள். இம்மலரில் பெயர் இடம்பெறாதவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு என் முதல் வணக்கம். இந்த வட்டத்தை இனியும் நன்கு ஓம்புங்கள். புதிதாக எழுத வருகிறவர் யாரேனும் வாசலில் வந்து நின்றால், ஒரு கங்கு எடுத்துக் கொடுங்கள்.